ஸ்வாவாவின் குரல் கப்பலில் வந்த நாள்

ஸ்வாவா ஒரு வரி முணுமுணுத்தால் போதும், ஸ்கார்விக் கூட்டுறவுக் கடையில் நிற்கிறவர்கள் சட்டென்று திரும்பி, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்பார்கள். கேலிக்காகக் கேட்பதில்லை, நிஜமாகவே கேட்பார்கள். பத்தொன்பது வயதிலிருந்து எங்கள் ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் பாடியவள் அவள்தான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் அவளையே கூப்பிட்டார்கள். தேவாலயத்து நடுவில் பெட்டி, முன்வரிசையில் அழுகிற சொந்தபந்தம், பின்னால் ஆர்கனுக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் ஸ்வாவா. எங்கள் எல்லோருடைய அப்பா அம்மாவையும் அவள்தான் பாடி அனுப்பினாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு மீன் ஆலையில் வேலை. வெள்ளை ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி. காட் மீன் துண்டங்களில் முள் பிடுங்க வேண்டும். வேலை நேரத்தில் பாடாதே என்று மேற்பார்வையாளர் அவளிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் பாடினால் பக்கத்தில் நிற்கிற பெண்களுக்குக் கண் கலங்கி, முள்ளைக் கோட்டை விடுகிறார்களாம். வெளிநாட்டிலிருந்து புகார் வந்ததாம். நான் கயிறு திரிக்கவில்லை.

என் பெயர் ஸ்டைனார். கப்பல்களில் ஒயரிங் பார்ப்பது என் பிழைப்பு. மூடிக்கிடந்த இறால் ஆலையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தது என் பைத்தியம். இந்த மேற்குக் கரையில் இருக்கிற பாடகர் குழுக்கள், பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள், ஒரு பாட்டு தெரிந்துகொண்டு ஒரு சிடி போட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். மைக்குக்கு முன்னால் நின்ற எத்தனையோ தொண்டைகளைக் கேட்டிருக்கிறேன். ஸ்வாவாவின் குரலைப் பற்றி மட்டும் எனக்கு இன்றைக்கும் ஒன்றும் புரியவில்லை. அது பெரிய குரல் இல்லை. ஆனால் எங்கே நின்று கேட்டாலும் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன், தள்ளிப் போகவே மறுத்துவிட்டது. இயந்திரங்களோடு பழகிய நான் அதைக் கேட்டுக்கொண்டே பதிவுப் பொத்தானை அமுக்க மறந்திருக்கிறேன், சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அப்படிப்பட்ட குரலைக் கல்யாணத்துக்கு ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு மணப்பெண் ஆசைப்பட்டாள். பெண்ணின் அம்மா கேக் தட்டோடு ஸ்வாவா வீட்டுக்கு வந்து, "தப்பா எடுத்துக்காத கண்ணு, ஒன் பாட்டுன்னா எனக்கு உசுரு. எனக்கே நீதான் பாடணும். ஆனா இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஸ்வாவா கேக்கைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் வீட்டில் மட்டும் வேறு பாட்டு ஓடியது. அவள் கணவன் எகில், கப்பலில் சமையல்காரன், என் சிநேகிதன். சாவுக்குப் பாடிவிட்டு அவள் முகம் செத்துப்போய் வீடு திரும்பும்போதெல்லாம், சிரிக்க வைப்பதற்கென்றே ஒரு பாட்டு கட்டிப் பாடச் சொல்வான். சோம்பேறிச் செம்மறிக்கிடா பற்றி ஒன்று. நிலவறையில் குளிருக்குப் பயந்து ஒன்றையொன்று கட்டிக்கொண்ட உருளைக்கிழங்குகள் பற்றி ஒன்று. எல்லாவற்றையும்விட நல்லது காப்பிப் பாட்டு. கப்பலில் யாரோ காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிடுகிறான், மாலுமிகள் எல்லோரும் சமையல்காரனைத் துரத்துகிறார்கள்.

"காப்பியில உப்பப் போட்டது யாரு?
கப்பலத் திருப்பு, கரையில கேளு!"

எகில் ஒரு பனிக்காலத்தில் இதயம் நின்று, அடுப்படியிலேயே விழுந்து போய்விட்டான். தன் அடக்கத்தில் காப்பிப் பாட்டைப் பாட வேண்டும் என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தான். எங்கள் பாதிரியார் ஃப்ளோகி, "தேவாலயத்துல காப்பி, உப்பெல்லாம் சரிப்படாது ஸ்வாவா" என்று மறுத்துவிட்டான். வழக்கமான துதிப்பாட்டைத்தான் அவள் பாடினாள். தன் புருஷனுக்குத் தானே பாடினாள். வேறு ஆள் ஊரில் இல்லையே! பாடி முடித்துவிட்டு, தேவாலய வாசலில் பனியில் நின்று என்னிடம் சொன்னாள்:

"ஸ்டைனார், அவன் பாட்டையெல்லாம் ஒரே ஒரு தடவ அழாதவங்க முன்னாடி பாடணும். வேற ஒன்னும் வேணாம் எனக்கு. அவன் சிரிக்கறதுக்குத்தான எழுதினான்?"

அதற்காகத்தான் சிடி போட்டோம். பள்ளி வாத்தியார் அக்கார்டியன் வாசித்தார், நான் கிட்டார். இறால் ஆலையில் இன்னும் இறால் நாற்றம் போகவில்லை, கணப்பும் சரியாக வேலை செய்யவில்லை. அவள் கோட்டு போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, எகிலின் பாட்டுகளைப் பாடினாள். அதே குரல்தான். ஆனால் அதற்குள் ஒரு குறும்பு இத்தனை வருஷமாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. வாத்தியார் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் திட்டவில்லை. நானும் அப்படித்தான் நின்றேன்.

எங்கள் நாட்டில் சிடி என்பது கிறிஸ்துமஸ் சரக்கு. நவம்பரில் வெளியிட்டால் டிசம்பரில் எல்லோரும் எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பார்கள். நாங்களும் நவம்பரில் வெளியிட்டோம். கூட்டுறவுக் கடையில் கல்லாவில் உட்கார்கிற திசா, தன் பக்கத்திலேயே அடுக்கி வைத்தாள். ஜனங்கள் வந்தார்கள். சிடியைக் கையில் எடுத்தார்கள். அட்டையில் இருந்த ஸ்வாவாவின் முகத்தைப் பாசமாகத் தடவினார்கள். பெருமூச்சு விட்டார்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஏன் திசா, ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டேன்.

"நீ என்ன கேக்கற! கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஸ்வாவா பாட்டு ஓடற வீட்டப் பாத்தா பக்கத்து வீட்டுக்காரங்க மலர்வளையத்தோட வந்து நிக்க மாட்டாங்களா?"

தலைநகரில் அவளை யாருக்கும் தெரியாது. அங்கே கடைக்காரர்களே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இளசுகள் எல்லாம் இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்கிறார்கள், போன வருஷம் போனதில் பாதிகூட இந்த வருஷம் போகவில்லை என்று புலம்பினார்கள். சிடி அலமாரிகள் சுருங்கி, அந்த இடத்தில் போன் உறைகள் தொங்கின. ஜனவரியில், பனி மூடிக்கிடந்த மலைப்பாதை திறந்த அன்றே என் பெட்டிகள் லாரியில் திரும்பி வந்துவிட்டன. இறால் ஆலையின் குளிர் அறையில் அடுக்கினேன். கூரை வரைக்கும் வந்தது.

பிப்ரவரியில் ஊர் மன்றத்தில் ஒரு கச்சேரி வைத்துப் பார்த்தோம். ஊரே வந்தது, குறை சொல்லக் கூடாது. ஆனால் எல்லோரும் கறுப்பு உடையில் வந்திருந்தார்கள். ஸ்வாவா பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு காப்பிப் பாட்டை ஆரம்பித்தாள். ரெண்டாவது வரியில் முன்வரிசையில் ஒரு கிழவர் கைக்குட்டையை எடுத்தார். அவரைப் பார்த்து அவர் மகள். அப்புறம் வரிசை வரிசையாகப் போனது. பழக்க தோஷம், வேறென்ன சொல்ல? உப்புக் காப்பிக்கு ஓர் ஊரே தேம்பித் தேம்பி அழுததை நான் கண்ணால் பார்த்தேன். ஸ்வாவா பாதியில் நிறுத்திவிட்டு, அவர்களுக்கு வேண்டிய துதிப்பாட்டையே பாடினாள். எல்லோரும் நிம்மதியாக அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வசந்தத்தில் ஒரு நாள் எனக்குத் தெற்கிலிருந்து போன் வந்தது. முன்பின் தெரியாத ஆள். காப்பிப் பாட்டுக்கு கிட்டாரில் என்ன சுருதி என்று கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சிடி எங்க வாங்கினீங்க?"

"சிடியா? நெட்ல கெடந்துது."

எனக்கு முன்கோபம் உண்டு. போனை வைத்த வேகத்தில் அது உடைந்துபோனது. கூரை வரைக்கும் சரக்கு அடுக்கி வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், எவனோ அதை ஊருக்கெல்லாம் சும்மா வாரி வழங்கியிருக்கிறான்! திருடனைப் பிடிக்க எனக்குத் துப்பறியும் மூளை தேவைப்படவில்லை. எங்கள் சிடியைக் காசு கொடுத்து வாங்கியவர்களே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதில் வேகமான இன்டர்நெட் வைத்திருந்தவன் ஒரே ஒருவன். எகிலின் அடக்கத்தில் பாட்டை மறுத்த குற்ற உணர்ச்சியில் வாங்கியவன். நேராகப் பாதிரியார் வீட்டுக்குப் போய்க் கதவை உதைத்துத் திறந்தேன். ஃப்ளோகியும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், கதவைத் தட்டுகிற வழக்கமில்லை.

"ஏன்டா ஃப்ளோகி, களவு செய்யாதேன்னு ஞாயித்துக்கெழம தவறாம சொல்றியே, அது எங்களுக்கு மட்டுந்தானா?"

ஃப்ளோகி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பழைய ஜாஸ் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் சிவந்துவிட்டது.

"உக்காருடா. கத்தாத. மேல பொஞ்சாதி தூங்கறா."

"ஸ்வாவா பாட்ட நெட்ல ஏத்தினது நீதான?"

"ஏத்தணும்னு ஏத்தலடா. வெளிநாட்டுலேருந்து எறக்கினா டெலிபோன்காரன் காசத் தீட்டிடறான். உள்நாட்டுக்குள்ளயே எடுத்தா இலவசம். அதனால பசங்க ஒரு கூட்டு வெச்சிருக்கானுங்க. ஒருத்தன் வெளியேருந்து கொண்டாந்தா நாடே பங்கு போட்டுக்கும். ஆனா கூட்டுக்குள்ள நுழையணும்னா நாமளும் பாட்டு, படம்னு ஒரு மூட்ட கொண்டு போவணும். இவ்வளவு இருந்தாத்தான் கதவத் தெறப்பானுங்க."

"ஒனக்கு ஜாஸ் வேணுங்கறதுக்காக ஸ்வாவாவ மூட்ட கட்டினியா?"

"முதல்ல என் பிரசங்கத்தத்தான் போட்டேன். பத்தல. சர்ச் பாடகர் குழுவப் போட்டேன். அப்பவும் பத்தல. அப்புறம் மேசை மேல அந்த சிடி கெடந்துது…"

திரையில் எட்டிப் பார்த்தேன். அவன் அந்தக் கோப்புக்கு ஸ்வாவா என்றுகூடப் பெயர் வைக்கவில்லை. 'இடத்தை அடைக்க' என்று வைத்திருந்தான்.

அவனை அறைந்திருப்பேன். அதற்குள் திரையில் ஏதோ நகர்ந்தது. 'இடத்தை அடைக்க' என்பதற்கு எதிரே சின்னச் சின்னப் பச்சைக் கோடுகள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொன்றும் ஒரு ஆள் என்று ஃப்ளோகி சொன்னான். அந்த நிமிஷத்தில் யாரோ அவளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கிழக்கில். ஒருத்தி தெற்குத் தீவில். இன்னொருவன் பனிப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிற மின்நிலையத்தில். இவனிடமிருந்து எடுத்தவனிடமிருந்து இன்னொருவன் எடுத்துக்கொண்டிருந்தான். அன்று வெளியே பனிப்புயல், மலைப்பாதை மறுபடி மூடிவிட்டது. ஒரு ரொட்டிகூட ஊருக்குள் வர முடியாது, ஒரு கடிதம்கூட வெளியே போக முடியாது. அந்த மலையைத் தாண்டி ஸ்வாவா மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். கோபப்பட வந்தவன் என்பதே சற்று நேரம் மறந்துபோனது.

"என் பிரசங்கத்த ஒரு பயகூட எடுக்கலடா" என்றான் ஃப்ளோகி, ஆற்றாமையோடு.

வீடு வந்து சேர்வதற்குள் கோபம் திரும்பிவிட்டது. உழைத்தவன் நான், பாடியவள் அவள், எழுதியவன் மண்ணுக்குள். தலைநகரில் இசை உரிமைக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அவர்களிடம் புகார் கொடுப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் ஆலையில் தேநீர் இடைவேளையில் ஸ்வாவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, காய்ந்த மீனில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"எடுத்தவங்கல்லாம் கேக்கறாங்களா?" என்றாள்.

"கேக்காம பின்ன? திருடினத யாராவது சும்மா வெப்பானா?"

"அழுதுக்கிட்டா கேக்கறாங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்!"

"அதக் கேட்டுச் சொல்லு, ஸ்டைனார். புகாரெல்லாம் அப்புறம் குடுக்கலாம்."

யாரிடம் போய்க் கேட்பது? பச்சைக் கோட்டிடமா? நான் புகாரும் கொடுக்கவில்லை, பதிலும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கிடையே என் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களும் குறைந்துபோனார்கள். சிடி போட்டு யாருக்கு விற்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நான் முழுநேரமும் கப்பல் ஒயரிங்குக்கே போய்விட்டேன்.

ஜூன் மாதம் வந்தது. கடலோடிகள் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை. அந்த ஞாயிறு கடலில் பிழைக்கிறவர்களின் திருநாள், நாட்டில் எந்தக் கப்பலும் கடலில் இருக்காது. ஆகவே ஊரே துறைமுகத்தில் இருந்தது, படகுப் பந்தயத்துக்கு ஒத்திகை, கம்பங்களில் கொடி கட்டும் வேலை. காற்றே இல்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. அப்போதுதான் மலை முனையைத் திரும்பி, யாருக்கும் தெரியாத நீல நிறக் கப்பல் ஒன்று எங்கள் பக்கம் மெல்ல வந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. மீன் அறுக்கிறவர்களோடு பேசுவதற்குக் கப்பல் தளத்தில் ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள், அதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் அக்கார்டியன் கேட்கவில்லை, வார்த்தைகள் கேட்கவில்லை. குரல் மட்டும்தான் தண்ணீர் மேல் வந்தது. இரண்டு பக்கமும் மலை, அந்தக் குரல் மலையில் பட்டுத் திரும்பி எங்கள் தலைக்கு மேல் நின்றது. படகுத் துடுப்புகள் நின்றன. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"ஐயோ, கப்பல்ல யாரோ போயிட்டாங்க" என்றாள் திசா.

எல்லோரும் திரும்பி ஸ்வாவாவைப் பார்த்தோம். ஆலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. எங்களுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் குரல் கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நான் எத்தனையோ ஒலியைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, திருப்பிப் போட்டுக் கேட்டவன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இறால் நாற்றத்துக்கு நடுவில் அவள் பாடியது எங்கெங்கோ சுற்றிவிட்டு, யாரும் கூப்பிடாமலே அவளிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஊர் சாவு வேலையில் இறங்கியது. இதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. கட்டிய கொடிகளை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் மன்றத்துக்கு ஓடி, காப்பிக்குத் தண்ணீர் வைத்து, அப்பத்துக்கு க்ரீம் கடைய ஆரம்பித்தார்கள். ஃப்ளோகி வீட்டுக்கு ஓடி, கறுப்பு அங்கியும் சுருக்கம் வைத்த வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாகப் பைபிளோடு துறைமுக முனையில் வந்து நின்றான்.

கப்பல்காரர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். கிழக்குக் கரைக்காரர்கள், இயந்திரக் கோளாறால் எங்கள் ஊரில் ஒதுங்கியவர்கள். வந்து பார்த்தால் ஊரெல்லாம் அரைக்கம்பத்தில் கொடி, கரையில் ஜனம் தொப்பியில்லாமல், முனையில் அங்கி போட்ட பாதிரியார். பாட்டை உடனே நிறுத்திவிட்டார்கள். அவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். கயிறு வீசிக் கட்டினோம். அவர்கள் எங்களைப் பார்த்துத் தலை குனிந்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்துத் தலை குனிந்தோம்.

"எப்ப போனாரு?" என்று கப்பல் தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"அத நீங்கதான் சொல்லணும்" என்றாள் திசா.

"நாங்கன்னா? எங்களுக்கு யாரத் தெரியும் இந்த ஊர்ல?"

"ஒங்க ஆள் யாரும் சாகலயா?"

"எங்க ஆளா? எல்லாப் பயலும் இங்கதான் நிக்கறான். ஏம்மா, வாயக் கழுவு!"

"பின்ன எதுக்கு அந்தப் பாட்டப் போட்டீங்க?"

செம்பட்டைத் தாடி வைத்த மலை போன்ற ஒருவன் முன்னால் வந்தான். ப்ராந்துர் என்று பெயர், துணை மாலுமி. கிளம்புவதற்கு முன் ஹார்ட் டிஸ்க் நிறையப் பாட்டு நிரப்பிக்கொண்டு வருவது அவன் பொறுப்பாம்.

"எந்தப் பாட்டு? 'இடத்தை அடைக்க'வா? அது ஓடலன்னா இந்தக் கப்பல்ல ஒருத்தனும் கத்தியத் தொட மாட்டான். மார்ச்லேருந்து அதேதான். கிழக்குல பாதிக் கப்பல்ல அதுதான் ஓடுது."

ஃப்ளோகி கழுத்துப்பட்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

"யார் பாடினதுன்னு தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது. யாரோ அந்தக் காலத்து அம்மா. அவங்க செத்தே ரொம்ப வருஷம் ஆயிருக்கும், பாவம்."

ஸ்வாவா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.

அவள் பேசிய அந்த இரண்டு சொல்லிலேயே கப்பல்காரர்களுக்குக் குரல் தெரிந்துவிட்டது. ப்ராந்துர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தான். வலைத்தொப்பி, பூட்ஸ், மீன் செதில் ஒட்டிய ஏப்ரன். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

எனக்கு வியாபார புத்தி அப்போதுதான் விழித்தது. ஆலைக்கு ஓடி ஒரு பெட்டி சிடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கப்பல்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.

"இதப் போட்டுக் கேக்க எங்ககிட்ட ஒன்னும் இல்லியே, அண்ணே" என்றான் ஒருவன்.

"பாட்டுதான் ஏற்கெனவே இருக்கே" என்றான் இன்னொருவன், நியாயமாக.

"இன்னொரு சிடி எப்ப போடப் போறீங்க?" என்றான் ப்ராந்துர். "இது எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு."

"இன்னொன்னா! முதல்ல போட்டதுல ஒன்னுகூட வாங்காம இன்னொன்னு வேணுமா ஒனக்கு? நான் என்ன காத்தக் குடிச்சுட்டா பதிவு பண்ணேன்?"

நான் இன்னும் நிறையக் கத்தினேன். அதையெல்லாம் எழுத முடியாது. இரண்டு மூன்று பேர் வெட்கப்பட்டு, அம்மாவுக்குக் கொடுக்கலாம், அட்டையில் முகம் இருக்கிறது என்று ஆளுக்கொன்று வாங்கினார்கள். பெட்டியின் கனம் குறையவே இல்லை. ஆனால் ஸ்வாவா என் கத்தலைக் காதில் வாங்கவில்லை. அவள் ப்ராந்துரின் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, ஒன்னு கேக்கறேன். இந்தப் பாட்டக் கேக்கறப்ப ஒங்களுக்கு அழுகை வருமா?"

ப்ராந்துர் குழம்பிப்போனான். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான்.

"அழுகையா? எதுக்கு? அது காப்பிப் பாட்டாச்சே!"

ஸ்வாவா தலையாட்டினாள். வலைத்தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மீன் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, யாரையும் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"காப்பியில உப்பப் போட்டது யாரு?"

"கப்பலத் திருப்பு!" என்று கப்பல் முழுக்கக் கத்தியது. தளத்தைப் பூட்ஸால் உதைத்தார்கள். சமையல்காரன் உள்ளேயிருந்து பாத்திரத்தோடு ஓடிவந்து தட்டினான். அவர்களுக்கு ஒரு வரி தப்பவில்லை. எகில் அடுப்படியில் கட்டிய ஒவ்வொரு சொல்லும், அவனை ஒரு நாளும் பார்த்திராத அந்தப் பயல்களுக்குத் தெரிந்திருந்தது. செம்மறிக்கிடாவுக்கு ஒருவன் கிடா மாதிரியே கத்தினான். உருளைக்கிழங்குப் பாட்டில் இரண்டு பெரிய ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிக் காட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கையில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். அழலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் திசாவுக்குத்தான் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் அந்த முன்வரிசைக் கிழவர். மாதர் சங்கத்துப் பெண்கள் சாவு அப்பத்தைத் தட்டுத் தட்டாகத் துறைமுகத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள், அதைத் தின்றுகொண்டே பாடினார்கள். ஃப்ளோகி அங்கியோடு கைதட்டினான். கொடியை ஏற்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் சிடிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒலிப்பதிவுக் கருவி ஆலையில் இருந்தது, போய் எடுத்துவர வேண்டும் என்றே தோன்றவில்லை. நான் செய்த சரக்கு கூரை வரைக்கும் கிடக்க, அந்தச் சரக்குக்குள் இருந்தது எப்படியோ தப்பித்துப் போய் இத்தனை பேர் வாயில் உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒரு காசு வரவில்லை. அந்தப் பிரமிப்பிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

பாட்டெல்லாம் தீர்ந்து, மறுபடி காப்பிப் பாட்டையே பாடச் சொல்லி அதுவும் தீர்ந்தபின், ஸ்வாவா இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கப்பல்காரர்கள் அவள் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தார்கள்.

"சர்ச்சுல நான் பாட ஆரம்பிச்சா எல்லாரும் வாய மூடிக்குவாங்க, ஸ்டைனார்" என்றாள். "இத்தன வருஷமா என் குரல் ஒன்னுதான் எனக்குக் கேக்கும். இன்னிக்கு அது கேக்கவே இல்ல. எங்க போச்சுன்னே தெரியல."

சொல்லிவிட்டு முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டாள். அந்தத் துறைமுகத்தில் அப்போது அழுதுகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.